படையலுக்கு வந்த தேன்

முருகனுக்குத் தேனும் தினைமாவும் படைக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. வள்ளி தினைப்புனம் காத்த வேடர் குலத்துப் பெண். பிறந்த வீட்டுச் சாப்பாடே மாப்பிள்ளைக்கும் படையலாயிற்று. அந்தக் கதையை ஊவா மாகாணம் தன் மண்ணில் நடந்ததாகவே சொல்கிறது. வள்ளியை முருகன் கண்ட இடம் செல்லக்கதிர்காமம் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. வேடுவர்கள் அவளைத் தங்கள் பெண்ணாகவே உரிமை பாராட்டுகிறார்கள். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து ஆடி மாதம் கதிர்காமம் போகிறவர்களுக்கும் இதில் ஐயமில்லை. ஆனால் ஒரு சமணர் பார்த்தால் அந்தத் தட்டே வேறு மாதிரித் தெரியும். கள், ஊன், தேன் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து இல்லறத்தாருக்கே விலக்கியது சமண அறம். அடையைப் பிழியும்போது புழுக்கள் சாகின்றன. சாகாவிட்டாலும் அது இன்னொரு உயிர் தன் குஞ்சுகளுக்காகச் சேர்த்த உணவு. பறித்து வந்த பொருள் கடவுளுக்கு ஆகுமா? பக்தியை மட்டும் காட்டி இந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது.

இதற்கு நேரான பதில் பௌத்தக் கதை ஒன்றில் கிடைக்கிறது. பாரிலெய்யக் காட்டில் தனித்திருந்த புத்தருக்குக் குரங்கு ஒன்று தேனடை கொண்டுவந்து கொடுத்தது என்கிறது தம்மபத உரை. அவர் உண்ணவில்லை. குரங்கு அடையைத் திருப்பிப் பார்த்தது. உள்ளே புழுக்கள் இருந்தன. அவற்றை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி நீட்டியபோதுதான் உண்டார். கொண்டுவந்த அன்பு இரண்டு முறையும் ஒன்றுதான். மாறியது கொண்டுவந்த விதம். விநயமும் இதே வழியில்தான் போகிறது. நெய், வெண்ணெய், எண்ணெய், வெல்லம் ஆகியவற்றோடு தேனையும் நோயுற்ற பிக்குவுக்கு மருந்தாக அனுமதித்து, ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாதென்று கட்டுப்படுத்துகிறது. ஆக, தேன் தன்னளவில் தூய்மையும் இல்லை, தீட்டும் இல்லை. எப்படி எடுத்தோம், எவ்வளவு விட்டுவைத்தோம் என்பதில்தான் படையலின் தகுதி இருக்கிறது என்பது என் கட்சி.

ஊவாவில் இது வெறும் தத்துவப் பேச்சல்ல. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இயங்குகிறது. அந்தப் பக்கத்துத் தேனுக்கு யூகலிப்டஸ் பூ பெரிய ஆதாரம். தோட்டத்தார் சவுக்கு என்று சொல்லும் கிரவில்லியாவும் பூந்தேன் தரும். தேயிலையும் பூக்கிற செடிதான், கொழுந்து பறிப்பும் கவ்வாத்தும் அதை அதிகம் பூக்க விடுவதில்லை. இங்கே பெட்டியில் வளர்க்கப்படும் நாட்டுத் தேனீக்கு ஒரு குணம் உண்டு: சேமிப்பை ஒட்டச் சுரண்டினால் கூட்டத்தோடு கூட்டைவிட்டுப் போய்விடும். தோட்டத் தொழிலாளருக்கு அந்த வழி நெடுங்காலம் அடைபட்டிருந்தது; கடன் தீர்ந்ததற்கான 'துண்டு' கையில் இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. தேனீயைத் துண்டு போட்டுக் கட்டிவைக்க எந்தக் கங்காணியாலும் முடியாது. அது தங்கியிருப்பதையே ஒருவகைச் சம்மதம் என்று கொள்ளலாம். மீதம் வைக்கும்வரைதான் அந்தச் சம்மதமும்.

மருந்தென்றால் எல்லாம் மன்னிக்கப்படும் என்பார்கள். தேன் நல்ல மருந்துதான். நீர் குறைவு, புளிப்புத் தன்மை, தேனீ சேர்க்கும் நொதியால் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு, இவையெல்லாம் சேர்ந்து புண்ணில் கிருமி வளர விடுவதில்லை. சித்த வைத்தியரின் சூரணத்துக்கும் தேனே அனுபானம். (ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் மட்டும் தடவக் கூடாது, சேனை வைக்கும் பாட்டிமார் கோபித்தாலும் சரி, பொட்டுலிச நச்சுக்குக் காரணமான வித்துகள் அதில் இருக்கக்கூடும்.) இந்தப் பயன்களெல்லாம் தேனை ஏன் எடுக்கிறோம் என்பதற்குக் காரணமாகலாம். கூட்டையே அழித்து எடுப்பதற்கு எந்த நோயும் காரணமாகாது. நாளைய நோயாளிக்கும் அந்தக் கூடு வேண்டும்.

இதைவிட வலிய மறுப்பு கண்ணப்பர். ஊனில் தேன் கலந்து படைத்தவரைச் சிவன் ஏற்றாரே, எடுத்த விதம் பற்றி அங்கே விசாரணை நடந்ததா? நடக்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்தக் கதை ஊனோடு முடியவில்லை. பிற உயிரின் தசையில் தொடங்கிய படையல் கடைசியில் அவருடைய சொந்தக் கண்ணில் வந்து நின்றது; அதற்குப் பிறகே 'நில் கண்ணப்ப' என்று இறைவன் கை நீண்டது. பிறர் பொருளைப் படைத்துவிட்டுத் தன் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள அவரைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது. நம்மிடம் யாரும் கண்ணைக் கேட்கவில்லை. கதிர்காமத்துக்குக் கொண்டுபோகப் போத்தல் வாங்கும்போது, அடையைப் பிழிந்து எடுத்ததா, புழு அறையைத் தொடாமல் சுழற்றி எடுத்ததா என்று விற்பவரிடம் கேட்கலாம். இரண்டாவது வகைக்கு விலை கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் பணம்தான் அந்தப் படையலில் நம்முடைய பங்கு.