செய்த தீங்கும் செய்யாத் தீங்கும்

பிறர் துயர் கண்டு உருகும் உள்ளம் நல்லுள்ளம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வுள்ளத்தினின்று பிறந்த செயல் தீங்காய் முடியுமாயின், அதற்குப் பொறுப்பாவார் யார்? தீங்கு நேருமோ என்றஞ்சி ஒருவன் கைகட்டி நிற்க, அவன் கண்ணெதிரே மக்கள் மடிவாராயின், அவன் குற்றமற்றவனோ? இவ்விரண்டனுள் பெரிது எது? திண்ணையில் அமர்ந்து பேசுதற்குரிய வினாப் போல் இது தோன்றலாம். ஆனால் நம் காலத்திலேயே இரு நாடுகளில் இவ்வினா மக்களின் உயிரைக் கொண்டு எழுதப்பட்டுவிட்டது. ஒன்று கரிபியக் கடலிலுள்ள ஹெய்ட்டி. மற்றொன்று ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையிலுள்ள சோமாலியா.

இவ்விரு நாடுகளையும் ஒருங்கு வைத்து நோக்குங்கால் முதற்கண் புலப்படுவது ஒன்றுண்டு. பல மொழியும் பல சமயமும் இருத்தலே நாடுகள் சிதைதற்குக் காரணம் என்பார் உளர். ஹெய்ட்டி மக்கள் அனைவர்க்கும் கிரியோல் பொதுமொழி. சோமாலியரில் மிகப் பெரும்பாலோர்க்கு மொழியும் ஒன்று, சமயமும் ஒன்று. ஆகவே அக்காரணம் ஈண்டுப் பொருந்தாது. சோமாலியரிடைக் குலப்பிரிவுகள் உண்டு. அவற்றைப் படைத்தலைவர்கள் தம் ஆதாயத்திற்குப் பயன்படுத்தியதும் உண்டு. ஆயினும் குலப் பெரியோரே 1993-இல் வடபுலத்துப் போராமா நகரில் மாதக்கணக்கில் அமர்ந்து பேசி, சோமாலிலாந்துப் பகுதிக்கு ஓர் ஆட்சிமுறையை வகுத்தனர் என்பதையும் மறத்தலாகாது. குலம் கத்தி போன்றது. பிடித்தவன் கையைப் பொறுத்தது.

ஹெய்ட்டி, அடிமைகள் தாமே கிளர்ந்தெழுந்து போரிட்டு 1804-இல் பெற்ற நாடு. 1825-இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, தன் குடியேறிகள் இழந்த உடைமைகளுக்கு ஈடாக 15 கோடி பிராங்கு கேட்டது. அவ்வுடைமைகளுள் அடிமைகளும் அடக்கம். 1838-இல் அத்தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. விடுதலை பெற்றவன் தன் விலையைத் தானே செலுத்திய கொடுமை இது! அதன்பொருட்டு வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை நீடித்தது. பின்னர் வந்த துன்பங்களில் சில பகைமையால் வந்தவையல்ல. 1995-இல் இறக்குமதி அரிசியின் மீதான தீர்வை 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்க அரசின் மானியம் பெற்று விளைந்த அரிசி மலிவாய் வந்து குவிய, உள்நாட்டு நெல் உழவர் வீழ்ந்தனர். அக்கொள்கையை வற்புறுத்திய முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டன், அது தவறு என 2010-இல் தம் நாட்டு மேலவைக் குழுவின்முன் ஒப்புக்கொண்டார். ஏழைக்கு மலிவாய் அரிசி கிடைக்கட்டும் என்பது தீய எண்ணமா? அன்று. உழவனை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

இதனினும் கொடியது 2010 அக்டோபரில் நிகழ்ந்தது. அவ்வாண்டு சனவரி 12-ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கம் தலைநகரைச் சிதைத்திருந்தது. ஆனால் காலரா தோன்றியது தலைநகரில் அன்று. உட்புறத்தே மிரபலே ஊரின் அருகில். ஒரு நூற்றாண்டிற்கு மேலாக அந்நாட்டில் காலரா பதிவானதில்லை. அவ்விடத்தே ஐக்கிய நாடுகள் அமைதிப்படையைச் சேர்ந்த நேபாள வீரர்களின் முகாம் இருந்தது. அதன் கழிவுநீர்க் குழாய்கள் ஒழுங்கின்றி அமைந்திருந்தன. மலக்கழிவு திறந்த குழியில் கொட்டப்பட்டது. அருகிலோடிய சிற்றாறு ஆர்ட்டிபோனிட் பேராற்றில் கலப்பது. அந்நீரையே மக்கள் பருகினர், அதிலேயே குளித்தனர், வயலுக்கும் பாய்ச்சினர். எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர்.

அவ்வீரர்கள் தீங்கு செய்ய வந்தவரல்லர். காலராக் கிருமியைச் சுமப்போருள் பலர்க்கு அறிகுறியே தோன்றுவதில்லை. எனவே தாம் சுமந்து வந்ததைச் சுமந்தவரே அறிந்திருக்க மாட்டார். ஆனால் காலரா உள்ள நாட்டிலிருந்து வருவோரைப் பரிசோதிக்க வேண்டும் என்பதும், கழிவை ஆற்றினின்று விலக்க வேண்டும் என்பதும் அமைப்பினை நடத்தியோர் அறிந்தவையே. அறியாமை வேறு, அறிந்ததைச் செய்யாமை வேறு. முன்னதற்கு மன்னிப்பு உண்டு.

இனிச் சோமாலியா. 1991 சனவரியில் சியாத் பாரேயின் ஆட்சி வீழ்ந்தபின் அந்நாடு அரசின்றிப் போயிற்று. பஞ்சம் தீர்க்க 1992-இல் வந்த அமெரிக்கப் படை, 1993 அக்டோபரில் மொகடிஷுவில் நடந்த ஒரு சண்டையில் 18 வீரரை இழந்தது. அச்சண்டையில் மாண்ட சோமாலியர் பல நூற்றுவர். சில மாதங்களில் அப்படை விலகியது. 1995 மார்ச்சில் ஐ.நா. படையும் வெளியேறியது. தலையிட்டால் தீமையே விளையும் என்னும் பாடத்தை அன்று பலர் கற்றுக்கொண்டனர். தவறான பாடம் என்பதே எம் கருத்து.

ஏனெனில் 2010-ஆம் ஆண்டின் இறுதியில் மழை பொய்த்தபோதே பஞ்ச முன்னறிவிப்பு நிறுவனங்கள் எச்சரித்தன. தென்பகுதி அல்-ஷபாப் என்னும் ஆயுதக் குழுவின் கையில் இருந்தது. அவர்களுடைய மிரட்டல் தாளாது உலக உணவுத் திட்டம் 2010 சனவரியிலேயே அங்கிருந்து விலகியிருந்தது. வேறு நிறுவனங்களோ, தாம் கொடுக்கும் தானியத்தில் ஒரு மூட்டை அக்குழுவினரிடம் சேர்ந்தாலும் அமெரிக்காவின் பயங்கரவாதத் தடைச் சட்டம் தம்மீது பாயுமே என்றஞ்சின. பஞ்சம் என்று அறிவிப்பதற்கு அளவுகோல் உண்டு: பத்தாயிரம் பேரில் நாளொன்றுக்கு இருவர் மாள வேண்டும், குழந்தைகளில் நூற்றுக்கு முப்பதின்மர் கடுமையாய் மெலிந்திருக்க வேண்டும், நூற்றுக்கு இருபது குடும்பங்கள் உணவின்றி வாட வேண்டும். இக்கணக்கு நிறைந்து 2011 சூலை 20-இல் அறிவிப்பு வெளிவந்தது. அதன் பின்னரே உதவி பெருகியது. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை மாண்டோர் ஏறத்தாழ 2,58,000 பேர் என 2013-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவருள் பாதிப்பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அறிவிப்பு வருமுன்னரே மாண்டவர் மிகப் பலர்.

ஹெய்ட்டியில் செய்ததால் பதினாயிரம். சோமாலியாவில் செய்யாமையால் இரண்டரை இலட்சம். எண்ணிக்கை கொண்டு அறத்தை நிறுத்தலாகாது என்பதை ஒப்புகிறோம். சோமாலியாவில் முதற்குற்றம் உணவைத் தடுத்த ஆயுதக் குழுவினுடையதே. ஹெய்ட்டியின் அவலத்தில் அந்நாட்டு ஆட்சியாளர்க்குள்ள பங்கும் சிறிதன்று. எனினும் ஒன்றை மட்டும் கவனித்தல் வேண்டும். 2016 திசம்பரில் ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கோரினார். காலரா பரவியபோது போதிய அளவு செய்யவில்லை என்றார். காலராவை யார் கொணர்ந்தார் என்பதைச் சட்டப் பொறுப்பாக ஏற்கவில்லை. பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கும் அந்நிறுவனத்தின் சட்டவிலக்கைக் காட்டித் தள்ளப்பட்டது. அதாவது, செய்த குற்றத்தை மறைக்கச் 'செய்யாமை' என்னும் சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டனர். செய்யாமையைச் சிறிதெனக் கருதும் நம் அனைவரின் மனவழக்கே அதற்கு இடங்கொடுத்தது. சோமாலியாவின் புதைகுழிகளை எண்ணியவர் அதனைச் சிறிதென்று கூறார்.

அப்படியாயின் எப்பொழுதும் செய்தலே நன்றோ? அங்ஙனமும் கூறுவதற்கில்லை. உழவனைக் காணாது அனுப்பிய அரிசிக்கும், ஆற்றைக் காணாது தோண்டிய குழிக்கும், குழந்தை மெலிவதைக் கண்டும் கணக்கு நிறையட்டும் எனக் காத்திருந்தமைக்கும் வேர் ஒன்றே. உதவுவோன் தன் நல்லெண்ணத்தையோ தன் அச்சத்தையோ நோக்கியிருந்தான். உதவி பெறுவோன் முகத்தை நோக்கவில்லை. 2022-இல் சோமாலியாவில் ஐந்து பருவமழைகள் தொடர்ந்து பொய்த்தபோது அறிவிப்பிற்குக் காத்திராமல் உதவி சென்றது; பஞ்சம் அறிவிக்கும் நிலை வரவில்லை. அவ்வாறிருந்தும் அவ்வாண்டில் மிகையாய் மாண்டோர் 43,000 பேர் என மதிப்பிட்டனர்.

ஹெய்ட்டியில் 2021 சூலையில் குடியரசுத் தலைவர் மொயீசு தம் இல்லத்திலேயே கொல்லப்பட்டார். தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் வசமாயிற்று. கென்யா தலைமையில் ஒரு படையை அனுப்ப ஐ.நா. பாதுகாப்பு அவை 2023 அக்டோபரில் இசைவளித்தது. துப்பாக்கி, கும்பல், தேர்தல் என்று நீளும் அத்தீர்மானத்தின் இடையே, வருகின்ற படையினர் தம் கழிவுநீரை முறையாக அகற்றி நீர்வழி நோய் பரவாமல் காக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தனர். அவ்வொரு வரியை எழுதப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.