தராசில் ஏறிய வணிகர்



அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவர் துணி வியாபாரி. சோழ நாட்டுப் பழையாறையைச் சேர்ந்த அமர்நீதி நாயனார். பொன்னும் மணியும் பட்டும் விற்றுப் பொருள் சேர்த்தவர், திருநல்லூரில் ஒரு மடம் கட்டினார். அங்கே வரும் அடியார்களுக்குச் சாப்பாடு போட்டு, உடுத்திக்கொள்ளக் கோவணமும் கொடுத்தார். ஒரு கடைக்காரர் தம் வருமானத்தில் எல்லோருக்குமாக எழுப்பிய கூடம் அது.

ஒருநாள் சிவபெருமான் பிரம்மச்சாரி வேடத்தில் வந்தார். தம் கோவணம் ஒன்றைக் கொடுத்து, "பத்திரமா வச்சிரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தால் கோவணத்தைக் காணோம். வேறு புதிதாகத் தருகிறேன் என்றார் அமர்நீதியார், வந்தவர் ஒப்பவில்லை. தண்டில் கட்டியிருந்த மற்றொரு கோவணத்தைத் தராசில் வைத்து, "இதுக்குச் சமமா நிறுத்துக் கொடு, போதும்" என்றார். கடையிலிருந்த துணியெல்லாம் வைத்தாயிற்று, பொன்னும் வெள்ளியும் வைத்தாயிற்று. தட்டு இறங்கவில்லை. கடைசியில் நாயனாரும் மனைவியும் மகனும் இறைவனை நினைத்துத் தட்டில் ஏறினார்கள். அப்போதுதான் தராசு சமநிலைக்கு வந்தது.

இந்தக் கதையை நான் அடிக்கடி நினைப்பதற்குக் காரணம், பழைய கூடம் ஒன்றைப் புதுப்பிக்க வேண்டும் என்று பேச்சு வந்தாலே நாம் முதலில் கேட்பது "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது தராசின் பாதிக் கணக்கு. மீதிப் பாதி, யார் ஏறி உட்காரப் போகிறார்கள் என்பது.

நம் சிராங்கூன் சாலையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பி. கோவிந்தசாமிப் பிள்ளை 1887இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். இளவயதில் இங்கே வந்து, மளிகைக் கடையில் வேலை பார்த்து, பின்னர் பி.ஜி.பி. என்ற மூன்றெழுத்தை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக்கினார். ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் அவர் கொடையால் எழுந்த கல்யாண மண்டபத்தை 1965 ஜூன் 19ஆம் தேதி, பின்னாளில் அதிபரான யூசோஃப் இஷாக் திறந்துவைத்தார். எத்தனை குடும்பங்களின் கல்யாணம் அங்கே நடந்திருக்கும்! கடையில் சேர்ந்த பணம் அப்படித்தான் ஊரின் சொத்தாகிறது.

புதிதாகக் கட்டுவதற்குக் கொடுக்க ஆள் கிடைத்துவிடும். பழுதானதைத் தூக்கி நிறுத்தக் கிடைப்பதுதான் கஷ்டம். அதனால்தானோ என்னவோ, நம் ஆகமங்கள் அதற்கு ஜீர்ணோத்தாரணம் என்று தனிப் பெயர் வைத்து, முறையும் வகுத்திருக்கின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்கிற நமக்கு இது புதிதல்ல. கோயிலுக்குச் செய்வதை ஊர்க்கூடத்துக்கும் செய்தால் என்ன?

கொடுப்பது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் காலத்துப் புதுமண்டபம் இருக்கிறது. வசந்த விழாவுக்காகக் கட்டியது. காலப்போக்கில் தூணுக்குத் தூண் தையல் மெஷினும் பாத்திரமும் வளையலும் புத்தகமுமாகக் கடைகள் நிறைந்துவிட்டன. மண்டபத்தைச் சீரமைக்க வேண்டுமானால் கடைகள் இடம் மாற வேண்டும். பிழைப்பு நடந்த இடத்தை விடுவது லேசான காரியமா? குன்னத்தூர் சத்திரத்தில் புதுக் கட்டடம் எழுந்து, கடைகள் அங்கே மாறிய பிறகுதான் மண்டபம் மூச்சு விட்டது. அந்தத் தையல்காரர்கள் விட்டுக்கொடுத்த இடமும் ஒரு காணிக்கைதான்.

நம் தேக்கா வட்டாரக் கடைக்காரரிடம் போனால், "வாடகை கட்டவே மூச்சு முட்டுது தம்பி" என்பார். அது சாக்கு அல்ல, உண்மை. அவரிடம் காசோலை கேட்காதீர்கள். மின்சாமான் கடைக்காரர் நான்கு மின்விசிறி தரலாம். சாப்பாட்டுக் கடைக்காரர், சுவர் சுரண்டும் தொண்டூழியர்களுக்கு ஒருவேளை சோறு போடலாம். அச்சகத்தார் அறிவிப்பு அடித்துத் தரலாம். எல்லாவற்றையும் பணத்துக்குச் சமமாகக் கணக்கில் எழுதுங்கள். நிதி திரட்ட முறையான அனுமதி வாங்குங்கள்; ரசீது இல்லாமல் ஒரு வெள்ளிகூட வாங்காதீர்கள். பெயர்ப்பலகை வைத்தால் ஆயிரம் கொடுத்தவரும் ஆணி கொடுத்தவரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும்.

அதற்குப் பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அண்ணே, மாசத்துல ஒரு சாயங்காலம் நீங்க வந்து கூடத்தைத் திறந்து வைப்பீங்களா?" தட்டில் ஏறுவது என்பது இதுதான். கூரை ஒழுகுவதால் மட்டும் கூடம் பாழாவதில்லை. கதவு பூட்டிய அன்றே பாழாகத் தொடங்கிவிடுகிறது. திறக்க ஆள் இருந்தால், ஒழுகுவதைப் பார்க்கவும் ஆள் இருக்கும்.

யாருக்காகத் திறக்கிறோம் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் புல்தரையிலும் நடைபாதை ஓரத்திலும் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசுகிற ஊழியர்களைப் பார்க்கிறோம். நம் கடைகளில் சாமான் வாங்குகிறவர்கள் அவர்கள். நாம் குடியிருக்கும் கட்டடங்களைக் கட்டியவர்களும் அவர்கள். புதுப்பித்த கூடத்தில் குளிரூட்டி ஓடும்போது அவர்கள் வெளியே வெயிலில் நின்றால், நாம் சுவருக்குச் சாயம் பூசினோம், அவ்வளவுதான். அமர்நீதியார் மடத்துக்கு வந்த இறைவன் பட்டு உடுத்தி வரவில்லை, கோவணத்தோடுதான் வந்தான். அவன் வரும்போது நம் கதவு திறந்திருக்க வேண்டும்.

எல்லோருக்கும் இறையருள் துணை நிற்கட்டும்.