நம்மாள் யாராவது இருக்கிறார்களா?

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகம், சேர விரும்புவோருக்காக அச்சிட்ட கையேட்டின் அட்டையில் ஒரு படம் போட்டது. கால்பந்து மைதானத்தில் ஆர்ப்பரிக்கும் மாணவர் கூட்டம். வெள்ளை முகங்களுக்கிடையே ஒரு கறுப்பு முகம் சிரிக்கிறது. உற்றுப் பார்த்தவர்களுக்கு அந்த முகத்தின் வெளிச்சம் மட்டும் ஒட்டவில்லை. கூட்டத்தின் படம் 1993இல் எடுத்தது. முகம் 1994இல் எடுத்தது. கணினியில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். அந்த மாணவரோ ஆட்டம் பார்க்கவே போனதில்லை.

பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது: யாருக்காக அந்த முகம் ஒட்டப்பட்டது? எங்கோ ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை அந்தக் கையேட்டைப் புரட்டும். பாடத்தையும் கட்டணத்தையும் பார்ப்பதற்கு முன்னால் தன் சாயலைத் தேடும். இது நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது.

“அங்கே நம்மாள் யாராவது இருக்கிறார்களா?” பிள்ளையைத் தூரதேசம் அனுப்பும்போது நாமும் கேட்கிறோம். சாப்பாட்டுக் கவலை அதில் பாதி. மீதிப் பாதிக்கு நம்மிடம் பெயரில்லை.

வகுப்பில் அடிமை வணிகம் பற்றிப் பாடம் நடக்கும்போது எல்லாத் தலைகளும் ஒரே திசையில் திரும்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திசையில் உட்கார்ந்திருக்கும் ஒரே கறுப்பின மாணவனுக்குப் பத்தொன்பது வயது; இரவெல்லாம் தூங்கவில்லை; பாடப் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. ஆனாலும் ஓர் இனத்தின் சார்பில் அவன் வாய் திறக்க வேண்டும். மற்றவன் தோற்றால் அவன் தோற்றான், இவன் தோற்றால் “இவர்களே இப்படித்தான்.” சேரியிலிருந்து முதல் தலைமுறையாக நம் ஊர்க் கல்லூரி விடுதிக்குள் பெட்டியோடு நுழைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன், 1958இல் தமது பத்தொன்பதாம் வயதில், தனியாக பெர்க்லிக்குப் படிக்கப் போனார். அவர் மகள் கமலா ஹாரிஸ், கறுப்பினத்தவரின் கல்விக்காக 1867இல் எழுந்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1982இல் சேர்ந்தார். தாயின் பயணத்தைத் துணிச்சல் என்போம். மகளின் தேர்வை ஒதுங்கல் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேரிலாந்தின் சட்டப்பள்ளி கறுப்பர்களைச் சேர்க்காத காலத்தில் தர்குட் மார்ஷல் அதே ஹோவர்டில்தான் சட்டம் படித்து 1933இல் வெளியே வந்தார். நிறத்தைக் காட்டிக் குழந்தைகளைப் பிரித்துவைத்த பள்ளிகளுக்கு எதிராக 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றது அவர் வாதம். தன்னவர் நடுவே படித்தவர்தான் எல்லாருக்குமான கதவைத் திறந்தார்.

2023இல் அதே நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்றது. அடுத்த ஆண்டு எம்.ஐ.டி.யில் புதிதாகச் சேர்ந்தவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு, முன்பிருந்த சுமார் 13 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த எண் எதற்காகத் தேவைப்படுகிறது என்று யோசிக்கும்போது, கூட்டத்தில் தன் நிறத்தைப் பார்க்கும் ஆறுதலுக்காக மட்டுமல்ல, தன் நிறத்தை மறந்திருக்கும் நாழிகைக்காகவும்தான் என்று படுகிறது. ஒருவனாக வந்தவன் ஓர் இனமாக நிற்க நேரும் இடத்தில் அறிவு தற்காப்பிலேயே செலவாகிவிடுகிறது என்பதாலும், தவறாகப் பேசிப் பார்த்து, திருத்திக்கொண்டு, மறுபடி தவறி, அப்படியே மெல்ல மெல்லத்தான் எந்த மனமும் சிந்திக்கக் கற்கிறது என்பதாலும், கல்விக்கூடம் ஒரு சிறுபான்மை மாணவனுக்குத் தர வேண்டிய முதல் உரிமை, சாதாரணமாக இருக்கும் உரிமை.

கையேட்டில் அதற்குப் படம் கிடையாது. ஆகவே கல்லூரி தேடும்போது அதன் திறந்தநாள் விழாவுக்குப் போகாதீர்கள். ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் உணவுக்கூடத்தில் போய் உட்காருங்கள். யார் யாருக்குப் பக்கத்தில் தட்டை வைக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு உங்கள் சாயலுள்ள ஒருவரிடம், முதல் தேர்வில் தோற்றபோது ஆசிரியர் என்ன சொன்னார் என்று கேளுங்கள்.