உன் நல்லதுக்குத்தான்

ஒரு நாள் விட்டு ஒரு நாள், கல்லூரிக்குக் கிளம்பும் முன், ஜன்னல் கம்பியில் 500 மில்லி ரிங்கர் லாக்டேட் பையைத் தொங்கவிடுகிறேன். வெந்நீரில் சற்று நேரம் போட்டெடுத்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்த பை. மிளகைத் துண்டில் சுற்றி மடியில் இருத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலைக் கூடாரம்போலத் தூக்கி, ஊசியைச் செருகுகிறேன். 100 மில்லி இறங்க ஐந்தாறு நிமிடம். முதுகில் ஒட்டகத் திமில்போல ஒரு வீக்கம் எழும்பும், மாலைக்குள் வற்றிவிடும். அந்த ஐந்தாறு நிமிடமும் அவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அது வேண்டாம் என்பதற்கான ஒலி என்று தெரிந்துகொள்ளத் தமிழில் முனைவர் பட்டம் தேவையில்லை. நானும் பதிலுக்கு ஒன்றைச் சொல்கிறேன்: "உன் நல்லதுக்குத்தான்டி."

முதல் முறை இது என் வாயிலிருந்து வந்தபோது கை நடுங்கியது. ஊசியால் அல்ல. அது என் அப்பாவின் வாக்கியம். வெளியூர்க் கல்லூரி வேண்டாம் என்றபோது சொன்னார். விடுதிக் காப்பாளர் ஆறு மணிக்குக் கதவைப் பூட்டும்போது சொன்னார். கவிதையில் உடம்பைப் பற்றி எழுதாதே என்று அறிவுறுத்திய மூத்த கவிஞர் ஒருவரும் கொஞ்சம் நாசூக்காக இதையேதான் சொன்னார். எனக்கு விதிக்கப்பட்ட தடைகளில் 'உன் கேட்டுக்காக' என்று வந்தது ஒன்றுகூட இல்லை.

இருபது ஆண்டுகளாக நான் பேசிவருவது ஒப்புதலைப் பற்றி. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மௌனம் சம்மதமல்ல என்று வகுப்பில், மேடையில், கட்டுரையில். வீட்டில், நான்கு கிலோகூட இல்லாத ஓர் உயிர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தெளிவாக மறுக்கிறது. நான் துண்டை இறுக்குகிறேன்.

பூனையும் பெண்ணும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றில்லை. குழந்தைக்கு அழ அழத் தடுப்பூசி போடுகிறோமே என்றும் கேட்கலாம். ஆனால் அந்தக் குழந்தை வளரும். ஒரு நாள் ஏன் போட்டாய் என்று கணக்குக் கேட்கும், அல்லது போட்டது சரி என்று விட்டுவிடும். நாம் அந்த வருங்கால மனிதரிடம் முன்கடனாக ஒப்புதல் வாங்கிக்கொள்கிறோம். மிளகிடம் அந்தக் கடன் வாங்க வழியில்லை. சிறுநீரகம், நாளை, ஆயுள் என்ற சொற்களெல்லாம் என் பக்கம் மட்டும் இருக்கின்றன. அவள் பக்கம் இருப்பது ஊசி.

அவளுக்குப் பதினோரு வயது இருக்கலாம் என்று பல்லைப் பார்த்துச் சொன்னார் மருத்துவர். தொல்காப்பிய மரபியல் வெருகின் இளையதைக் குட்டி என்று அழைக்கச் சொல்கிறது. கிழடாகி நோயில் விழுந்ததை எப்படி அழைப்பது என்று சொல்லவில்லை. வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. அதனால் குறைந்த நீரில் பிழைக்கும்படி, சிறுநீரை மிகச் செறிவாக்கும் சிறுநீரகம் அதற்கு வாய்த்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 2 லட்சம் நெஃப்ரான்கள். போனது போனதுதான், புதிதாய் முளைக்காது. முக்கால் பங்கு அழிந்த பிறகே ரத்தத்தில் கிரியேட்டினின் இயல்பைத் தாண்டும். அதுவரை உடம்பு சமாளித்துக்கொண்டு வெளியே ஒன்றும் காட்டாது. (நம் வீட்டுப் பெண்களைப் போல என்று எழுதக் கை துடிக்கிறது. அந்த உவமை அளவுக்கு மீறி எளிதாக வருவதால் விட்டுவிடுகிறேன்.)

எங்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது குளியலறை வாளி. வாளியின் விளிம்பில் முன்னங்கால்களை வைத்து அவள் குடித்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து ஊர்க் கிளினிக்கில், "நாட்டுப் பூனைதானே மேடம், இதுக்கா இவ்வளவு செலவு பண்றீங்க?" என்றார்கள். கூடையில் வைத்து, படப்பை, மண்ணிவாக்கம், தாம்பரம் தாண்டி, வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். 1903இல் தொடங்கிய கல்லூரி. அங்கே நாட்டுப் பூனைக்கும் டோக்கன் உண்டு. கிரியேட்டினின் 3.6, நான்கில் மூன்றாம் நிலை. குணமாகாது, தள்ளிப்போடலாம் என்றார்கள். பாஸ்பரஸ் குறைந்த உணவு, குமட்டலுக்கு மாத்திரை, தோலுக்கடியில் திரவம்.

மிளகு முதலில் என் பூனை அல்ல. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள். பூனை வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் விடமாட்டார். அதனால் மதில்மேல் வைத்தே வளர்த்தார்கள். ஒருத்தி தயிர்சோறு, ஒருத்தி முட்டை, ஞாயிற்றுக்கிழமை மீன் தலை. ஒப்பந்தம் முடிந்து கலைந்தபோது கடைசியாகப் பெட்டி கட்டியவள் மாடியேறி வந்து சொன்னாள்: "அக்கா, இவ யாரையும் நம்ப மாட்டா. நீங்க கூப்பிடாதீங்க, தூக்காதீங்க. சும்மா இருங்க, அவளே வருவா." நாற்பது நாளில் வந்தாள்.

நெல் நாடிங்ஸ் என்ற அமெரிக்கக் கல்வித் தத்துவவாதி, அக்கறையை அறத்தின் அடிப்படையாக வைத்து 1984இல் எழுதிய நூலில் பூனையைப் பற்றிப் பேசுகிறார். வாசலுக்கு வந்து நிற்கும் தெருப்பூனைக்குத் தான் கடமைப்பட்டதாக உணர்கிறார், எலிக்கு அப்படி உணரவில்லை. பூனைகளோடு உறவு இருக்கிறது, எலிகளோடு இல்லை என்பது அவர் காரணம். எனக்கு எலியைவிட அந்த வாசல்தான் உறுத்தியது. வாசல் என்று ஒன்று இருப்பவர்களின் அறம் இது. வாசலே இல்லாத பன்னிரண்டு பேர் மதில்மேல் வளர்த்ததை அந்த நூல் எந்தப் பக்கத்தில் வைக்கும்?

அவர்களில் ஒருத்தி இப்போது வேறு கம்பெனியில் சேர்ந்து அதே அறைக்குத் திரும்பியிருக்கிறாள். இரவு ஷிப்ட் முடிந்து வரும் காலைகளில் மிளகைப் பிடித்துக்கொள்வாள். ஒரு நாள் பை காலியாவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இவ குடிச்சுக்கிட்டே இருக்கா. நாங்க லைன்ல தண்ணியே குடிக்கிறதில்லக்கா. ரிலீவர் வந்தாத்தான் பாத்ரூம் போக முடியும். போன மாசம் யூரின் இன்ஃபெக்‌ஷன், காய்ச்சலோட ரெண்டு நாள் சம்பளமும் போச்சு." அவளுக்குத் தாகத்தை அடக்குவது ஒரு தொழில்திறன். அன்று 100 மில்லி இறங்கிய நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது. பூனைக்குச் செலவிடும் பணத்தை அவர்களுக்குத் தரலாமே என்ற கணக்கல்ல இது. அவள் கேட்டது என் பணத்தை அல்ல, ரிலீவரை. என் பூனையைப் பட்டினி போட்டால் அவளுக்கு ரிலீவர் வந்துவிட மாட்டார்.

ஆனால் அந்த வாக்கியம் இந்த வட்டாரம் முழுவதும் ஒலிக்கிறது. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர்வரை பெண் தொழிலாளர் விடுதிகளில் நேரக் கட்டுப்பாடும் வருகைப் பதிவும் 'பாதுகாப்பு'. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று யாரும் தெளிவாகச் சொல்லாததால் மற்றவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகே அவர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், எத்தனை பேர் ஓர் அறையில் படுக்கிறார்கள் என்று நாடு கேட்டது. 2024 ஜூனில் அதே நிறுவனத்தின் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று குடும்பப் பொறுப்பு. நிறுவனம் மறுத்தது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டித் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை முதலமைச்சர் திறந்தார். நல்ல கட்டடம், தேவையானதும்கூட. ஒரு பெண் பிறரைக் கவனித்துக்கொள்பவள் என்றால் அது வேலைக்குக் குறை. அவளை மற்றவர்கள் கவனித்துக்கொண்டால் அது ஏற்பாடு. இரண்டு இடத்திலும் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

சரி, பேச முடியாதவருக்காக யார் பேசுவது? அருணா ஷான்பாக்கை நினைத்துக்கொள்கிறேன். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலி. 1973 நவம்பரில் அங்கேயே வேலை பார்த்த ஒருவனால் வன்கொடுமைக்கு ஆளாகி, மூளை சிதைந்து, 2015வரை அதே மருத்துவமனையில் கிடந்தார். உணவை நிறுத்தி அவரைப் போகவிடுங்கள் என்று எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த மனுவை உச்ச நீதிமன்றம் 2011 மார்ச்சில் ஏற்கவில்லை. அவருக்காகப் பேசும் உரிமை விரானிக்கு இல்லை, நாள்தோறும் கழுவி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்தவர்களுக்கே உண்டு என்றது. செவிலியர் அவர் வாழவேண்டும் என்றார்கள். அந்தத் தீர்ப்பை நான் நீண்ட காலம் கொண்டாடினேன். உழைப்பிலிருந்து உரிமை பிறக்கிறது, அதுவும் பெண்களின், யாரும் கணக்கில் எடுக்காத உழைப்பிலிருந்து. மிளகுக்கு ஊசி போடத் தொடங்கிய பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தினமும் பார்த்துக்கொள்பவருக்கு நோயாளியை மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அந்த நோயாளி இல்லாமல் போனால் தன் காலைகள் என்ன ஆகும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். இரண்டாவது அறிவு முதலாவதன் குரலில் பேசும். 'அவள் இன்னும் வாழ ஆசைப்படுகிறாள்' என்று நான் சொல்லும்போது யாருடைய ஆசை அது என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

மிளகு சாப்பிடாமல் இருந்த ஒரு வாரம், உணவைக் கரைத்து சிரிஞ்சில் எடுத்து வாயோரத்தில் செலுத்தினேன். மூன்றாம் நாள் நிறுத்தினேன். இரோம் ஷர்மிளாவின் மூக்கில் அந்தக் குழாயைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. 2000த்திலிருந்து 2016வரை ஓர் அரசு ஒரு பெண்ணின் மறுப்பை அவள் உயிரைக் காப்பாற்றுவதன் வழியாகவே செல்லாததாக்கியது. ஒரு போராளியின் பட்டினியையும் ஒரு பூனையின் குமட்டலையும் பக்கத்தில் வைப்பது சிலருக்குக் கோபமூட்டும். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கை நின்றது அந்தக் குழாயை நினைத்துத்தான். பிறகு குமட்டல் மாத்திரையின் அளவை மாற்றியதும் அவளே சாப்பிட்டாள். இதை என் கொள்கையின் வெற்றியாகச் சொல்ல மாட்டேன், அது மாத்திரையின் வேலை.

நான்கு மாதங்களாகத் துண்டு இல்லை. ஜன்னலோரம் வெயில் விழும் இடத்தில் பழைய புடவையை விரித்து, பையை மாட்டி, வினாத்தாள் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அரை மணி நேரம். வந்து படுத்தாளானால் ஊசி. கட்டிலுக்கடியில் போனாளானால் பையைக் கழற்றிவிடுகிறேன். வாரத்தில் இரண்டு முறை வருகிறாள், சில வாரம் ஒருமுறை. சென்ற மாதப் பரிசோதனையில் கிரியேட்டினின் 4.4. மருத்துவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த 0.8ஐ நான் மறைக்க விரும்பவில்லை. நோய் அதன் போக்கில் ஏறியதாகவும் இருக்கலாம், நான் கொடுத்த விலையாகவும் இருக்கலாம். இன்னொரு சந்தேகமும் உண்டு. காலை நேரத்தில் ஓர் உயிரோடு மல்லுக்கட்டி எனக்குக் களைத்துப்போய், அந்தக் களைப்புக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேனோ?

கீழ்வீட்டுப் பெண் இதை ஏற்கவில்லை. "பிடிச்சுப் போட்டுடலாம்க்கா, நான் இருக்கேன்ல" என்கிறாள். நீதானே அன்றைக்குத் தூக்காதீங்க என்றாய் என்றேன். "அப்ப அவளுக்கு நோய் இல்லையே" என்றாள்.

இன்று வெயில் வந்தது, மிளகு வரவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. பை ஆறிப்போயிருந்தது. கழற்றி வைத்துவிட்டு, அவளுக்குப் பிடித்த வாளியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பினேன். கீழே ஷிப்ட் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. அவள் படியேறி வந்து வாசலிலேயே நின்று கேட்டாள், "வந்தாளாக்கா?"

"இல்லம்மா. நீ முதல்ல உள்ள வந்து தண்ணி குடி."