காவலுக்குக் கூலி யார் தருவது?

போரில் தோற்றவன் வென்றவனுக்கு இழப்பீடு தருதல் பண்டுதொட்டு வரும் வழக்கம். ஆயின், தன் மண்ணில் வந்து தங்கித் தன்னையே காவல் காக்கும் வேற்றுப் படைக்கும் அவனே சோறிட வேண்டும் என்பது அறமாகுமா? முதல் உலகப் போரின் பின் எழுந்த வழக்கொன்று இவ்வினாவை ஆராயத் துணைபுரிகின்றது.

1919ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 249ஆம் விதி, ரைன் ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்ட படைகளின் முழுச் செலவையும் ஜெர்மனியின் தலையில் ஏற்றியது. 251ஆம் விதியோ, ஜெர்மனி செலுத்தும் தொகையில் அச்செலவுக்கே முதலிடம் அளித்தது. போரில் வீடிழந்தோர்க்கும் கணவரை இழந்தோர்க்கும் உரிய இழப்பீடு அதன் பின்னரே. இழப்பீட்டை உறுதிசெய்ய வந்த படை முதற்பந்தியில் அமர்ந்துகொண்டது!

அமெரிக்காவின் நிலை இன்னும் சிக்கலானது. அதன் படை 1918 டிசம்பர் முதல் 1923 ஜனவரி வரை கோப்லென்ஸ் நகரில் தங்கியிருந்தது. வெர்சேல்ஸ் உடன்படிக்கையை அந்நாட்டுச் செனட் சபை ஏற்க மறுத்தது. எனினும், 1921 ஆகஸ்டில் பெர்லினில் தனியே செய்துகொண்ட உடன்படிக்கையால், அதன் பயன்களைத் தனக்கு உரிமையாக்கிக்கொண்டது அமெரிக்கா. 1922 மார்ச்சில், சுமார் 24 கோடி டாலர் தனக்கு வரவேண்டுமெனக் கணக்கு நீட்டியது. கையொப்பமிடாதார்க்கு உரிமை ஏது என்ற வினா எழுந்தது. நெடிய பேச்சுகளுக்குப் பின், 1923 மே மாதம் பன்னிரண்டு ஆண்டுத் தவணைக்கு இணக்கம் கண்டனர். 1925 ஜனவரியில் பாரிசில், ஆண்டுக்கு 5.5 கோடி தங்க மார்க் என அது மாற்றப்பட்டது. 1931இல் உலகப் பொருளாதார மந்தத்தினிடையே தவணைகள் நிறுத்திவைக்கப்பட்டன.

அமெரிக்கா கேட்டது பிழையா? வீரர்களின் ஊதியம் அந்நாட்டு மக்களின் வரிப்பணம். அதைத் திரும்பக் கேட்டல் பேராசையாகாது. குறை வேறிடத்தில் உள்ளது. படையின் அளவை முடிவு செய்வோர் ஒருவர். பணம் கட்டுவோர் மற்றொருவர். ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்னும் நம் பழமொழி இங்கு முற்றும் பொருந்தும். செலவுக்கு ஒப்புதல் தருவோனே அதற்கு விடையிறுக்கவும் வேண்டும் என்பது கணக்கு எழுதுவோர் அனைவரும் அறிந்த பாலபாடம். அரசுகள் மட்டும் அதற்கு விலக்காகுமா?

1815ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அதுவும் கடுமையானதே. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின், 70 கோடி பிராங்க் இழப்பீட்டோடு படைச்செலவையும் பிரான்சு சுமந்தது. ஆயினும், படை 1,50,000 பேருக்கு மிகலாகாது, ஐந்தாண்டுக்கு மேல் தங்கலாகாது என்று முன்னரே எழுதப்பட்டிருந்தது. எல்லை கண்ணுக்குத் தெரிந்தமையால் பிரான்சு கடன் வாங்கியேனும் கட்ட முனைந்தது. 1818இல் எக்ஸ்-லா-ஷப்பேல் மாநாட்டின் முடிவுப்படி, மூன்றே ஆண்டுகளில் படைகள் வெளியேறின.

ஆகவே, தோற்றவன் காவற்செலவை ஏற்பதை அடியோடு அநீதியென்று ஒதுக்க வேண்டியதில்லை. அளவும் காலமும் முன்கூட்டியே வரையறுக்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்ட ஏழையின் பங்கை உண்ட பிறகு காவலன் ‘உன்னைக் காத்தேன்’ என்று சொல்லும் நிலை வரலாகாது. இவ்விரண்டையும் பேணாத கணக்கு, கையொப்பங்கள் எத்தனை தாங்கியிருப்பினும், அறத்தின் முன் செல்லாது.