கடைசியில் யார் கையில்?

ஒரு பொருள் "நீடித்து உழைக்கும்" என்று சொல்லும்போது நாம் என்ன சொல்கிறோம்? அது உடையாது என்றா? உடைந்தால் சரிசெய்துகொள்ளலாம் என்றா? அல்லது உடையும்போது நாம் பக்கத்தில் இருக்கமாட்டோம் என்றா? வீடு, பாலம், கல்யாணம் என்று பெரிய விஷயங்களை வைத்துத்தான் இந்தக் கேள்வியைக் கேட்பது வழக்கம். எனக்கு அது ஒரு ஷேவிங் செட்டின் வழியாக வந்தது. இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடை நடுவில் வைத்துத் திருகிக்கொள்கிற பழைய வகை அது. என் வயதுக்காரர்களில் சிலர் கார்ட்ரிட்ஜ் ரேஸரை விட்டுவிட்டு இதற்குத் திரும்பியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் சிக்கனம் என்பார்கள், பிளாஸ்டிக் வேண்டாம் என்பார்கள், "ஒருதடவ வாங்கிட்டா ஆயுசுக்கும் போதும்" என்பார்கள். அந்தக் கடைசிக் காரணத்தைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிங் கேம்ப் ஜில்லெட் அமெரிக்காவில் பாட்டில் மூடி விற்கும் கம்பெனி ஒன்றில் விற்பனையாளராக இருந்தவர். சோடா பாட்டிலின் நெளிநெளியான தகர மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர்தான் அவருடைய முதலாளி. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி வாங்கும்படி எதையாவது கண்டுபிடி என்று அவர் ஜில்லெட்டுக்கு யோசனை சொன்னார். 1895இல் சவரம் செய்துகொண்டிருந்தபோது ஜில்லெட்டுக்கு அந்த 'எதையாவது' பிடிபட்டது. மெல்லிய தகட்டைக் கூராக்கி விறைப்பேற்றுவது நடக்காத காரியம் என்று பலரும் சொன்னார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். 1901இல் கம்பெனி தொடங்கி, 1903இல் விற்பனைக்கு வந்தபோது அந்த வருடம் முழுவதும் போனது 51 ரேஸர், 168 பிளேடு. அடுத்த வருடமே ரேஸர் எண்ணிக்கை 90,000ஐத் தொட்டது. இதே மனிதர் 1894இல், வியாபாரப் போட்டி வெறும் விரயம், அதை ஒழித்துவிட்டு எல்லோரும் நயாகரா பக்கத்தில் ஒரே பெருநகரத்தில் வாழலாம் என்று புத்தகம் எழுதியவர். விரயத்தை அவ்வளவு வெறுத்தவர் கையிலிருந்துதான் தினசரி விரயத்தின் மிக வெற்றிகரமான பொருட்களில் ஒன்று பிறந்தது.

ஜில்லெட் செய்ததை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அவருக்கு முன்னால் சவரக் கத்தி ஒரே பொருள். மழுங்கினால் தோல்வாரில் தீட்ட வேண்டும், அவ்வப்போது கல்லில் பிடிக்க வேண்டும். அது தேய்ந்துகொண்டே வாழ்ந்தது. பராமரிப்பும் பயன்பாடும் ஒரே கையில் இருந்தன. ஜில்லெட் அந்த ஒரு பொருளை இரண்டாக வெட்டினார். ஒரு பாதி நிலைக்க வேண்டும், மறுபாதி சாக வேண்டும். கைப்பிடியின் ஆயுள் நீண்டது பிளேடின் ஆயுளைக் குறைத்துத்தான். எனவே 'ஆயுசுக்கும் போதும்' என்ற வாக்குறுதி, தூக்கிப்போடும் கலாச்சாரத்துக்கு எதிரானதல்ல. அதன் முதல் பாதி அது.

அந்த முதல் பாதியாவது உண்மையா? இன்றைக்கு நடுத்தர விலையில் கிடைக்கும் ரேஸர்களில் பலவற்றின் தலை ஜமாக் என்ற உலோகக் கலவையில் வார்க்கப்படுகிறது. துத்தநாகம்தான் அதில் பெரும்பகுதி, கூட 4 சதவீதம் அளவுக்கு அலுமினியம். குறைந்த சூட்டில் உருகும், அச்சில் அழகாகப் படியும், மேலே குரோமிய முலாம் பூசினால் கண்ணாடி மாதிரி இருக்கும். முலாம் இருக்கும்வரை எந்தக் குறையும் தெரியாது. அதில் ஒரு கீறல் விழுந்து தண்ணீர் உள்ளே போனால் துத்தநாகம் அரிக்க ஆரம்பிக்கும், முலாம் கொப்புளம் கொப்புளமாக எழும். தலையோடு சேர்த்தே வார்க்கப்பட்ட மரைத்தண்டு, கைப்பிடிக்குள் திருகும் அந்தச் சின்னத் தண்டு, ஒருநாள் ஒடியும்.

என்னுடையது அப்படித்தான் மூன்றாவது வருடத்தில் ஒடிந்தது. அம்பத்தூர் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒடிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது பித்தளை இல்ல தம்பி, வார்ப்பு. பத்த வெச்சா ஒட்டாது, உருகி ஓடிரும்."

"துளை போட்டு வேற மரை ஏத்த முடியாதாண்ணே?"

"எங்க போடுறது? அந்த எடத்துல தடிப்பே இல்லியே. செய்யறவன் இத ரிப்பேர் பண்ணுவாங்கன்னு நெனச்சே செய்யல."

காசு கொடுக்கப் போனேன். "நான் என்ன செஞ்சேன், காசு வாங்க?" என்று சிரித்தார். அவரிடம் கருவி இருந்தது, கைத்திறன் இருந்தது, நேரமும் இருந்தது. பொருள்தான் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு பொருளைப் பழுதுபார்க்க முடியாதபடி செய்யும்போது வாங்கியவனுக்கு மட்டும் நட்டம் இல்லை. முகம் தெரியாத மூன்றாவது மனிதர் ஒருவரின் திறமையையும் அது முன்கூட்டியே செல்லாக்காசாக்கிவிடுகிறது.

1930களின் கடைசியில் வந்த ஜில்லெட் 'டெக்' மாதிரியான பழைய ரேஸர்கள் பெரும்பாலும் பித்தளை. மேல்தகடு, அடித்தகடு, கைப்பிடி என்று மூன்றே துண்டுகள். நிக்கல் முலாம் போனால் மறுபடி பூசலாம், பித்தளைப் பாத்திரத்துக்கு நம் வீடுகளில் ஈயம் பூசுவதுபோல. மரை தேய்ந்தால் பற்றவைத்துப் புதிதாக வெட்டலாம். அவையும் சாகாவரம் பெற்றவை அல்ல. இன்னும் பழைய மாதிரிகளில் கைப்பிடி மெல்லிய குழாயாக இருக்கும், வருடங்கள் போனால் நீளவாக்கில் விரிசல் விடும். உள்ளே ஒரு கம்பியைச் செருகி ஒட்டி அதையும் காப்பாற்றியவர்கள் உண்டு. பித்தளையின் நல்ல குணம் அதன் பலம் என்று நான் நினைக்கவில்லை. அது கெட்டுப்போகும்போது இன்னொருவர் கைவைக்க இடம் விடுகிறது, அதுதான்.

இப்போது இன்னொரு வகை வந்திருக்கிறது. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கட்டியைக் கடைந்து செய்த ரேஸர். முலாமே கிடையாது, ஆகவே உரிய எதுவும் இல்லை. பேரனுக்குக் கொடுக்கலாம் என்று விற்கிறார்கள், கொடுக்கவும் முடியும். நன்றாகச் செய்த பொருள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை வாங்கும் ஆசைக்குள், இனிமேல் எதையும் கவனிக்கவே வேண்டாம் என்ற ஆசையும் ஒளிந்திருக்கிறது. விலையோ ஜமாக்கைப்போல் பல மடங்கு. மாதக் கடைசியில் பஸ் காசை எண்ணுகிறவனிடம் போய் "தரமானதை வாங்கு, அதுதான் அறம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீடித்து உழைப்பதை வாங்குபவரின் நற்குணமாக்கினால், பணம் இருப்பவர்கள் மட்டுமே நல்லவர்கள் ஆகிவிடுவார்கள். அந்தக் கணக்கு சரியில்லை.

விலையோடு சம்பந்தமில்லாத ஒரு நீடிப்பும் இந்தப் பொருளில் இருக்கிறது. இன்று பெட்டிக்கடையில் வாங்கும் பிளேடு, 1904இல் செய்த ரேஸரிலும் பொருந்தும். அந்தக் காலத்து மூன்று ஊசிகளும் இன்றைய பிளேடின் நடுத்துளைக்குள் அடங்கிவிடும். அசல் காப்புரிமை 1921இல் முடிந்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நிலை வந்தது, வடிவம் பொதுச்சொத்தாயிற்று. அதற்குப் பக்கத்தில் 1971இல் வந்த இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜை வைத்துப் பாருங்கள். அதன் கைப்பிடியில் 1998இல் வந்த மூன்று பிளேடு தலை மாட்டாது. நல்ல கைப்பிடியும் குப்பைதான். நூறு வருடம் தாண்டி ஒரு ரேஸரை உயிரோடு வைத்திருப்பதில் உலோகத்துக்கு ஒரு பங்கு என்றால், பலரும் காப்பாற்றி வந்த அந்த அளவுக்கும் ஒரு பங்கு. முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு மாதிரி அது.

சரி, மறுபாதிக்கு வருவோம். சாகப் பிறந்த பாதி. பழைய அமெரிக்க வீடுகளில் குளியலறைக் கண்ணாடி அலமாரிக்குப் பின்புறம் ஒரு மெல்லிய பிளவு வைத்திருப்பார்கள். தேய்ந்த பிளேடை அதற்குள் போட்டால் சுவரின் இடைவெளியில் விழும். அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. பல வருடம் கழித்து அந்தச் சுவரை இடிக்க வருகிற தொழிலாளியின் காலடியில் துருப்பிடித்த பிளேடுகள் குவியலாகக் கொட்டும். 'ஆயுசுக்கும் போதும்' என்பதன் உள்ளே இருக்கும் படம் இதுதான் என்று எனக்குத் தோன்றும். முன்பக்கம் பளபளக்கும் கண்ணாடி, பின்பக்கம் யாரோ ஒருவருக்காகக் காத்திருக்கும் கூர்.

நம் ஊரில் அப்படிச் சுவர் இல்லை. காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுகிறோம். கிழிந்த பையைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளர்தான் நம் சுவர். ஒரு பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், எடை ஒரு கிராமுக்கும் குறைவு, சுமார் 0.6 கிராம். வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு கிலோ சேர முப்பது வருடம் ஆகும். ஒரு ஆணின் ஆயுட்காலச் சவரம் மொத்தமும் இரண்டு கிலோ இரும்புக்குள் அடங்கிவிடும். சேர்த்துவைத்தால் அது ஒன்றுமே இல்லை. தனித்தனியாக விட்டால் ஒவ்வொன்றும் ஒரு விரலை அறுக்கப் போதும். என் அலமாரியில் ஒரு பழைய தகர டப்பா இருக்கிறது, மூடியில் பிளவு வெட்டியது. நிறைந்ததும் மூடியை அடைத்து, உள்ளே என்ன என்று வாயால் சொல்லி, பழைய இரும்புக் கடையில் நேரில் கொடுப்பதாகத் திட்டம். பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஒரு டப்பா, அவ்வளவுதான்.

உயிரில்லாத பொருளுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ரேஸருக்கு நான் எந்தக் கடனும் படவில்லை. ஆனால் எந்தப் பொருளும் ஒருநாள் ஒரு மனிதர் கையில் போய் முடிகிறது. அந்தக் கையில் கருவி இருந்தால் அது பட்டறை. வெறுங்கையாக இருந்தால் அது குப்பைமேடு. பட்டறைக் கைக்கு இடம் விட்டுச் செய்யவேண்டியது தயாரிப்பவனின் பொறுப்பு. வெறுங்கையை அறுக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அடுத்தமுறை "ஆயுசுக்கும் வரும்" என்று யாராவது ஒரு பொருளை நீட்டினால், ஆயுசு முடிந்தபின் இது யாரிடம் போகும் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் செய்த பொருளை நம்பி வாங்கலாம்.