வினைக்கு உரியவன்

செய்த கர்மம் செய்தவனையே எவ்வாறு தேடிச் சென்றடைகிறது என்ற விசாரம் மாட்டுங்காவின் பஜனை மண்டபங்களில் எழுவது இயல்பே. ஆனால், பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்கள் ‘எல்டாப் கணக்கு’ என்று சர்வ சாதாரணமாகக் குறிப்பிடும் ஏற்பாட்டை ஆராய்கிறவனுக்கும் அதே விசாரம் யந்திர ரூபத்தில் எதிர்ப்படுகிறது என்று சொன்னால் பௌராணிகர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

லினக்ஸ் கணினியில் ஒரு கோப்பு எழுதப்படும்போது எழுதியவரின் பெயர் அதனுடன் பதிவதில்லை. ஓர் எண் மட்டுமே பதிகிறது. முதலாவதாகச் சேரும் பயனருக்குப் பெரும்பாலும் 1000 என்ற எண் கிடைப்பதால், ஒரு மேசையில் 1000 ஒருவராகவும் அடுத்த மேசையில் வேறொருவராகவும் இருக்கக்கூடும். கணினிகள் தனித்தனியே இருக்கும்வரை இதில் தோஷமில்லை. அவை ஒரே பொது வட்டைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய கணமே, ஒருவர் எழுதியது மற்றவரின் உடைமையாகிவிடுகிறது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே, பெயர்களையும் எண்களையும் ஒரே சர்வரில் தொகுத்து வைத்து, ‘முதலில் உன் சொந்தப் பட்டியலைப் பார், அதில் இல்லையேல் சர்வரைக் கேள்’ என்று ஒவ்வொரு கணினியிலும் ஒரு வரி எழுதிவைக்கிறார்கள். அவ்வாறு கேட்பதற்கான எல்டாப் நெறி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் பங்குகொண்டு 1993-ல் வகுத்தது.

ஒருவர் விலகிச் சென்று, சர்வரிலிருந்து அவர் பெயர் நீங்கினாலும், அவருடைய கோப்புகள் அழிவதில்லை. பெயரற்ற எண்ணைச் சுமந்துகொண்டு கிடக்கின்றன. அந்த எண்ணைப் புதியவர் ஒருவருக்கு வழங்கிவிட்டாலோ, முன்னவர் செய்து வைத்ததனைத்தும் பிராரப்தம்போல் அவர் தலையில் வந்து விடியும். அனுபவமுள்ள நிர்வாகிகள் ஒருமுறை கொடுத்த எண்ணை மீண்டும் எவருக்கும் கொடுக்கத் தயங்குவது இதனாலேதான்.

பல பசுக்களிடையே விடப்பட்ட கன்று தன் தாயை நாடிச் செல்வதுபோல் வினையும் தன்னைச் செய்தவனை நாடும் என்பது சமண முனிவர்களின் நாலடியார் காட்டும் உவமை. அங்கே இடையனுக்கு வேலையில்லை. அபூர்வம் என்ற சக்தியே பலனைத் தரும் என்ற மீமாம்சகர்களும் ஏறக்குறைய அக்கட்சியினரே. கன்றுக்கு அறிவுண்டு, கர்மமோ ஜடம் என்று சைவ சித்தாந்திகள் மறுத்தார்கள். பலன் ஈசுவரனிடமிருந்தே வருகிறது என்பது பிரம்ம சூத்திரத்தில் பாதராயணர் மீமாம்சகரான ஜைமினியை மறுத்துக் கூறிய முடிபு. வட்டிலே கிடக்கும் எண் தன்னை இட்டவர் யாரென்று அறியாமல், அறிவிப்பார் ஒருவருக்காகக் காத்திருப்பதைக் காணும்போது, என் மனம் பாதராயணர் பக்கமே சாய்கிறது.

எனினும் சர்வரை ஈசுவரனோடு ஒப்பிடுவது நெடுந்தூரம் செல்லாது. தாராவியில் மறுசீரமைப்புக்காக 2024-ல் தொடங்கிய கணக்கெடுப்பிலும் குடியிருப்புகளுக்கெல்லாம் எண் இட்டார்கள்; 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபிப்போருக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது விதி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டுப் பிழைத்தவர்களின் சந்ததியார் ஒருவர், வாழ்ந்தது உண்மையாயிருந்தும் ஆவணம் இல்லையென்றால், பதிவேட்டின் கண்ணுக்கு அவர் வாழாதவரே. சர்வரும் அவ்வாறே, நிர்வாகி எழுதியதற்கு அப்பால் எதையும் அறியாது. செய்த செயலை அது கண்டதுமில்லை. சைவ சித்தாந்தியான மெய்கண்டாரோ சிவஞான போதத்தின் இரண்டாம் சூத்திரத்தில், இறைவன் உயிரோடு பிரிவின்றி நிற்பதை முதலில் நிறுவிக்கொண்டு, அதன் பிறகே அவன் ஆணையால் இருவினை பலன் தருவதைப் பேசுகிறார்; உடன் நிற்பவனுக்கு எவரும் ஆவணம் காட்ட வேண்டியதில்லை.